உறை கேட்கும் கிண்ணம்

என் அறையில் அடுப்புக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறேன். உப்பு டப்பா, தீப்பெட்டி, மாத்திரைப் பை எல்லாம் அதன்மேல்தான். ஓரத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. மூடி போட்ட கிண்ணம். உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் சுற்றி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் பெரிசு. மூடி ஒரு பக்கம் நசுங்கிப் போனது. கொஞ்சம் திருப்பி அழுத்தினால்தான் உட்காரும். அடியில் ஒரு தார்க்கறை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தாகிவிட்டது, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது, போகவில்லை. என் அண்ணியின் கிண்ணம் அது. தயிரையும், பாலைத் தயிராக்க ஊற்றுகிற உறைமோரையும் தவிர அதில் வேறு எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சாயங்காலம். வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரகடத்திலிருந்து படப்பை போகிற ரோட்டில் கன்டெய்னர் அடுக்கி வைக்கும் யார்டு ஒன்று இருக்கிறது. அங்கே எனக்குப் பகல் காவல். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனாலும் அறைக்கு வந்து சுவரில் முதுகைச் சாய்த்துவிட்டால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. பக்கத்து அறைக்கு இன்றைக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். சாமான் இறக்குகிற சத்தம் கேட்கிறது. முன்பு இருந்த பையன்கள் கான்ட்ராக்ட் முடிந்து போய்விட்டார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் பெயர் தெரிந்திருக்காது. சாமான் சத்தம் கேட்டதும் என் கண் தானாகக் கிண்ணத்தின் மேல் போய் நின்றது.

நாங்கள் தார் ரோடு போட்ட ஜனம். அண்ணன், அண்ணி, நான், இன்னும் ஏழெட்டுக் குடும்பம், எல்லோருக்கும் மேலே ஒரு மேஸ்திரி. இப்போதெல்லாம் ஒரு மெஷின் முன்பக்கம் ஜல்லியை வாங்கிப் பின்பக்கம் ரோட்டைத் துப்பிக்கொண்டே போகிறது. அன்றைக்கு எல்லாம் கைதான். டிரம்மில் தாரை உருக்க வேண்டும், ஜல்லியை வறுக்க வேண்டும், இரும்புச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ஓடிப் போய்க் கொட்ட வேண்டும், ஆறுவதற்குள் இழுத்துப் பரப்ப வேண்டும். பின்னாலேயே ரோடு இஞ்சின் வந்துகொண்டிருக்கும். காலில் சாக்கைச் சுற்றி அதற்கு மேல் டயர்ச் செருப்புக் கட்டியிருப்போம். ரோடு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் நாங்களும் போவோம். கூடாரத்தைப் பிரித்து லாரியில் போடுவது, அடுத்த இடத்தில் இறக்கிக் கட்டுவது. வருஷம் முழுக்க அதுதான்.

அந்தப் பிழைப்பைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். மழை பெய்தால் பாய் மிதக்கும். பெண்கள் வெளியே ஒதுங்க இருட்டுக்காகக் காத்திருப்பார்கள். முகம் பழகி, டீக்கடைக்காரர் நாம் கேட்காமலே சர்க்கரையைக் குறைத்துப் போட ஆரம்பிக்கிற சமயத்தில் கூடாரம் பிரிக்கிற நாள் வந்துவிடும். எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று அண்ணி சொல்வாள். "உனக்குப் பொண்ணு குடுக்க வர்றவன் எந்த ஊருக்கு வருவான் தம்பி? அவன் விசாரிச்சிக்கினு வந்து சேர்றதுக்குள்ள நாம அடுத்த ஊருக்குப் பூடுவோம்" என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அதைப் பார்த்து இன்னும் சிரிப்பாள்.

அண்ணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது இடத்தில் சாமானை இறக்கி, அண்ணனும் நானும் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருக்கும்போதே, முகத்தைக் கழுவிக்கொண்டு, காலியான கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் கிளம்பிவிடுவாள். அடுப்புக்கல் கூடப் போட்டிருக்க மாட்டாள். விளக்கு வைப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அவசரம். விளக்கு வைத்துவிட்டால் யாரும் வீட்டிலிருந்து மோரும் உப்பும் வெளியே கொடுக்க மாட்டார்கள். குழந்தைத் துணி காய்கிற வீடாகப் பார்த்துப் போவாள். அங்கேதான் பகலில் பெண்பிள்ளை இருப்பாள் என்பது அவள் கணக்கு. வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பாள். "எம்மா, நாங்க ரோடு போட வந்தவங்க. பாலு காய்ச்சப் போறேன். துளி ஒறமோரு கெடைக்குமா?"

"ரோடு போட வந்தவங்கன்னு எதுக்கு மொதல்லயே சொல்ற?" என்று அண்ணன் கோபப்படுவான். மேஸ்திரியும் அப்படித்தான். யாராவது கேட்டால் காஞ்சிபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், மழையில்லாமல் வேலைக்கு வந்தோம் என்று சொல்லச் சொல்வார். அப்படிச் சொன்னால் தண்ணீர் எடுக்க ஊர்க் கிணற்றில் விடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். அண்ணி கேட்க மாட்டாள். "கையி பூராத் தாரு கீது. வெவசாயம்னா எவ நம்புவா?" என்பாள். 

ஒருதரம் நானும் குடத்தோடு கூடப் போயிருந்தேன். ஒரு வீட்டம்மா கேட்டாள், "எந்த ஊரும்மா நீங்க?"

"இப்ப இந்த ஊருதான்."

"சொந்த ஊரக் கேட்டேன்."

"அத்ததான் சொல்றேன். ரோடு எங்க போய் நிக்குதோ அதான் சொந்த ஊரு."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. ஒரு வீட்டில் ஒருத்தி, தார் பூசின கையை வாசல் கம்பத்தில் வைக்காதே என்று கத்திக் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் அண்ணி அதே வீட்டுக்குத்தான் போனாள். "நேத்து கோவமா இருந்தீங்க. இன்னிக்கு எப்படி கீறீங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாளாம். அங்கிருந்தும் மோர் வந்தது. அந்த அம்மாளின் மாமியார் சண்டைக்காரி என்கிற கதையும் கூடவே வந்தது. அண்ணி ஒன்றும் சாது கிடையாது. ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இடத்தைக் காலி செய்கிற அன்றைக்கு அதே கிண்ணத்தில் தயிரை நிரப்பிக்கொண்டு உறை கொடுத்த வீட்டுக்குப் போவாள். "இந்தாங்க, உங்க வூட்டுத் தயிரு. பத்திரமா வெச்சிருந்தேன். மீதிய நான் இட்டுக்கினு போறேன்" என்று கொடுத்துவிட்டு வருவாள். "இவ தயிர்ல செங்கல்பட்டு ஜில்லாவே கீதுடா" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது சேரப்பணஞ்சேரியில்தான். அதற்கு முன்னால் தண்டலம் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தோம். அங்கேதான் அண்ணன் மகன் பிறந்தான், அந்தக் கூடாரத்துக்குள்ளேயே. கொஞ்ச நாளில் அங்கே வேலை முடிந்து சேரப்பணஞ்சேரிக்கு வந்தோம். வந்த அன்றைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். முளை அடிக்க முடியாமல் கட்டின வரைக்கும் இருந்த நிழலில் படுத்திருந்தேன். அண்ணி கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈரச்சாக்கு போர்த்தின ஒரு மண்சட்டி. சாக்கு விலகியிருந்தது. சட்டி நிறையக் கெட்டித் தயிர். லாரியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"இன்னா அண்ணி, அதான் சட்டி ரொம்பத் தயிரு கீதே. எதுக்கு இன்னொருத்தர் வூட்ல போய் கேக்கற?"

"தயிரு கீது" என்றாள். "ஆளு வோணுமே."

குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லாததைக் கேட்பார்கள், இருப்பதைப் போய்க் கேட்பார்களா என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவள் போன வீடு கோயில் உபதேசியார் வீடு. அந்த ஊரில் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள் சில இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது உபதேசியார். அவருடைய சம்சாரம் மோர் கொடுத்தாள். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். அண்ணி நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமம். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வாரமே, தார் டிரம்மைச் சாய்க்கும்போது கட்டை நழுவி, கொதிக்கிற தார் அண்ணன் காலில் கொட்டிவிட்டது. சாக்கோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அவன் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணி குழந்தையோடு ஓடினது உபதேசியார் வீட்டுக்கு. அவர் சைக்கிளில் போய்ச் சாமியாரின் வேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்து அண்ணி கூட இருந்த நாளெல்லாம் குழந்தை அந்த வீட்டுத் தூளியில்தான் தூங்கினான். அந்த அம்மாள் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு இவனுக்கும் கொடுத்திருக்கிறாள். அண்ணன் கால் பிழைத்தது. ஓடும்போது அவள் கையிலேயே இருந்த கிண்ணத்தில் தார் ஒட்டினது அன்றைக்குத்தான். மூடி நசுங்கினதும் அந்த ஓட்டத்தில்தான்.

அப்புறம் மெஷின்கள் வந்தன. எங்கள் கூட்டம் கலைந்தது. வல்லக்கோட்டைப் பக்கம் வாடகைக் குடிசையில் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அண்ணன் செங்கல் லாரியில் போனான், நாலைந்து வருஷத்தில் செத்தும் போனான். அண்ணி கம்பெனி கேன்டீன்களில் பாத்திரம் கழுவினாள். மகன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான், ஐ.டி.ஐ. முடித்தான், ஒரு கம்பெனி லைனில் சேர்ந்தான், சூப்பர்வைசர் ஆனான். கல்யாணம் ஆகி, சேரப்பணஞ்சேரியிலேயே ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கினான். நாலாவது மாடி. கேட்டில் செக்யூரிட்டி, லிஃப்ட், எல்லாம் உண்டு. "இனிமே நீ எங்கயும் போகக் கூடாது, எங்கூடயே இரு" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல பிள்ளை. இதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

அண்ணி சட்டியோடுதான் போனாள். போன அன்றைக்கே, மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போன பிறகு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தியிருக்கிறாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாளாம். "ஆன்ட்டி, நாங்க பாக்கெட் தயிர்தான்" என்று சொல்லி, கம்பிக்கு நடுவே ஒரு பாக்கெட்டை நீட்டியிருக்கிறாள். அண்ணி வாங்கிக்கொண்டாள். நேட்டிவ் எது என்று அந்தப் பெண் கேட்டதற்குக் கீழே ரோட்டைக் காட்டி, "இந்த ரோடுதாம்மா. இத்தப் போட்டதே நாங்கதான். எங்க வூட்டுக்காரு காலுல தாரு கொட்டனது இந்த எடத்துலதான்" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் கீழ் மாடி. அடுத்த நாள் அதற்கும் கீழே. சில வீட்டில் கதவையே திறக்கவில்லை. கதவில் இருக்கிற ஓட்டை வழியாக ஒரு கண் வந்து பார்த்துவிட்டுப் போனது என்று என்னிடம் சொன்னாள்.

ஒருநாள் மத்தியானம் மகன் பைக்கில் என் யார்டுக்கு வந்தான். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. போனைத் திறந்து காட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாது. படம் மட்டும் தெரிந்தது. படிக்கட்டு கேமராவில் எடுத்த படம். அண்ணி கிண்ணத்தோடு ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறாள்.

"குரூப்ல போட்டிருக்காங்க சித்தப்பா. யாரோ வயசான லேடி ஃப்ளாட் ஃப்ளாட்டா வந்து கேக்கறாங்க, உள்ள விடாதீங்க, செக்யூரிட்டி எப்படி விட்டாங்கன்னு. கீழ எத்தனை பேர் பதில் போட்டிருக்காங்க பாருங்க. இது எங்க அம்மான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"உங்க அம்மான்னு சொன்னா இன்னா?"

"எங்கப்பா ஹைவேஸ்ல காண்ட்ராக்டரா இருந்தார்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்களுக்குத் தெரியாது. நான் எத்தனை ஸ்கூல் மாறினேன், எல்லா ஸ்கூல்லயும் என் பேரு தாருதான். பக்கத்துல உக்காந்தா தார் நாத்தம் அடிக்குதுன்னு தள்ளித் தள்ளிப் போவானுங்க. எனக்கு ஒரே அட்ரஸ் போதும் சித்தப்பா. அந்த ஒரு அட்ரஸ்ல யாரும் என்னை ஒண்ணும் கேக்காம இருந்தாப் போதும். அம்மா எங்கூட இருக்கணும்னா இது நிக்கணும். நீங்க சொன்னாக் கேக்கும்."

அவன் பேசினதில் தப்பு என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அண்ணி செய்ததிலும் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் லீவு நாளில் போனேன். செக்யூரிட்டிக்காரன் என்னை நிறுத்தி, எந்த வீடு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மேலே போன் செய்து கேட்ட பிறகுதான் விட்டான். நானும் அதே தொழில்தான் செய்கிறேன் என்பதால் அவன்மேல் கோபம் வரவில்லை.

அண்ணிக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்திருந்தது. "வா, சூப்பர்வைசரு அனுப்பிச்சாரா?" என்றாள்.

"அவன் பேஜார்ல கீறான் அண்ணி. பிச்ச எடுக்கற மாதிரி கீதுன்னு பேசிக்கிறாங்களாம்."

"எங்கிட்ட தயிரு இல்லாம கேட்டாத்தான் பிச்ச" என்றாள். எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும், "சரி, போவல. அவன் மூஞ்சி சின்னதாப் போறதப் பாக்க முடியல. சின்னப் புள்ளயில ஸ்கூல் வுட்டு வருவான் பாரு, அதே மூஞ்சி" என்றாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பால்கனியில்தான் உட்கார்ந்திருந்தாள். காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரை அங்கேயே. கீழே ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. தூசி பறக்கும், லாரிகள் இரைச்சலிடும். உள்ளே வந்து டிவி பார் என்று, கைப்பிள்ளையோடு லீவில் இருந்த மருமகள் கூப்பிட்டாலும் வர மாட்டாள். தயிர் மட்டும் தினமும் தோய்ப்பாள். அவ்வளவு தயிர் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மனசு ஒடிந்துவிட்டது என்று மகன் என்னிடம் போனில் வருத்தப்பட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் அவளைக் காணவில்லை. மருமகள் தூங்கி எழுந்து பார்த்தால் நாற்காலி காலி, கிண்ணமும் இல்லை, சட்டியும் இல்லை. மகன் ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்தான். என்னை யார்டிலிருந்து ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப், கோயில், டீக்கடை என்று ரோடு முழுக்கத் தேடினோம். போகிற வழியில், "உன்ன ஒரு வூட்டுத் தூளியில போட்டு வளத்தாங்க, அந்த வூடு இங்கதான் எங்கியோ இருந்துது" என்று சொன்னேன். உபதேசியார் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டது. "இதெல்லாம் இப்ப எதுக்கு சித்தப்பா" என்றான். வண்டியை இன்னும் வேகமாக விட்டான்.

கடைசியில் செக்யூரிட்டிக்காரன்தான் சொன்னான், ஒரு பாட்டி சட்டியோடு ரோடு வேலைக்காரர்கள் ஷெட் பக்கம் போனதாக. அடுக்குமாடிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீலத் தார்ப்பாய் போட்ட ஷெட் வரிசை. ஒடிசாவிலிருந்து வந்த ஆட்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு ஷெட்டுக்கு வெளியே மூன்று கல் அடுப்பு. பக்கத்தில் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி தமிழில் அவளிடம் எதையோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள், அடுப்பு காற்றுக்கு எதிரே இருக்கிறது என்று. அந்தப் பெண் அவள் பாஷையில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

மகன் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டோரத்திலேயே நின்றான். "என்னம்மா இது? ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா? இங்க எதுக்கு வந்த?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "எத்தினி நாளாப் பாத்துக்கினு கீறேன் தெரியுமாடா? இவங்க கூடாரம் போட்ட அன்னியிலேந்து தெனம் தயிரு தோச்சி வெச்சிக்கினு மேல குந்தினு கீறேன். இப்ப வருவாங்க, அப்ப வருவாங்கன்னு. ஒருத்தரும் கேக்க வரல."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அப்பறம்தான் தெரிஞ்சுது. கேட்டுல விடமாட்டானுங்க. அதான், நானே எடுத்தாந்தேன்."

நான் அந்த நாலாவது மாடி பால்கனியைத் திரும்பிப் பார்த்தேன். துணி காய்ந்துகொண்டிருந்தது. என் அண்ணன் பேரப்பிள்ளையின் சின்னச் சட்டைகள். இந்த ரோட்டில் நிற்கிறவளுக்கு அண்ணி இப்போது வீட்டம்மா. எனக்கு அது அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவே இல்லை.

"உள்ள வாயேன்" என்றாள் மகனிடம். "நீ பொறந்த எடம் இப்படித்தான் இருந்துச்சி."

அவன் வரவில்லை. தார்ப்பாயைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஷிப்டு முடிஞ்சு வந்து கூட்டிக்கினு போறேன்" என்று மட்டும் சொன்னான். அவன் பேச்சில் "கூட்டிக்கினு" என்று வந்து நான் வெகு காலமாகக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகிற வழியில் அம்மாவை பைக்கில் ஏற்றி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவான், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வான். வண்டியை விட்டு இறங்க மாட்டான். அடுக்குமாடியில் யாராவது கேட்டால், "அம்மா வாக்கிங் போறாங்க" என்பான். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "வாக்கிங்காம். குந்துறதுக்கு வாக்கிங்காம்."

ரோடு இருந்த இடத்திலேயே இருக்குமா? அந்தத் துண்டு முடிந்தது, ஷெட்டைப் பிரித்து வாலாஜாபாத் பக்கம் போய்விட்டார்கள். அண்ணி பால்கனிக்குத் திரும்பினாள். இந்த முறை அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ரோடு முடிந்து வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. போன தை மாசம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எடுக்கிற அன்றைக்குப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் கடைசிவரை இருந்தாள். "அவங்க மோர் கேட்டப்ப எனக்கு எதுக்குன்னே புரியல அங்கிள்" என்று என்னிடம் சொன்னாள். என் அண்ணன் மகன் வந்தவர்களிடமெல்லாம் அம்மா யார் என்று சொன்னானா, சொல்லவில்லையா, நான் கவனிக்கவில்லை. கவனிக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது கிண்ணத்தை என் கையில் வைத்தான். "ஷெட்டுக்காரங்களுக்குத் தெரியாது சித்தப்பா. யாராவது சொல்லணும்ல" என்றான்.

பஸ் ஏறிப் போனேன். இரண்டு இடத்தில் இறங்கி விசாரித்து, முட்டி வலியோடு புது மண்ணில் நடந்து, நீலத் தார்ப்பாயைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு ஞாபகம் இல்லை. அவள் பாஷை எனக்குத் தெரியாது. கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள். பிறகு எனக்குப் பின்னால், நான் வந்த வழியைப் பார்த்தாள். அங்கே யாரும் வராததால் திரும்ப என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கி உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கிண்ணம் நிறையத் தயிர். நசுங்கின மூடியைத் திருப்பி அழுத்த அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதைக் கொண்டுவந்து பாலில் விட்டு, அன்றிலிருந்து தோய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒற்றை ஆளுக்கு அது அதிகம். மிஞ்சினதை யார்டில் லாரிக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். இப்போதும் அடுப்போரத்தில் சட்டி நிறையத் தயிர் இருக்கிறது.

பக்கத்து அறையில் சாமான் இறக்கி முடித்துவிட்டார்கள் போல. ஒரு பெண் குரல் கேட்கிறது, என்ன பாஷை என்று தெரியவில்லை. வெளியே கொடியில் சின்னச் சட்டை ஒன்றைக் காயப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அண்ணியின் குரல் கிடையாது. வாசலில் நின்று சத்தமாக ஒன்றைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. முளை அடித்தவன்தான் நான், கேட்கப் போனது எப்போதும் அவள்தான். எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைக்கவில்லை. கையை ஊன்றி எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பலகையிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். கழுவினேன். வேட்டி முனையால் ஈரம் போகத் துடைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, காலி.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.